பிரகாசி அனுப்பிய அளவு

நாத்தனார் உடுப்பைத் தரவில்லை.
"பிளேனில் தொலைந்தால் யார் பொறுப்பு?" என்றாள்.
நாற்பத்தோரு வருடத்தில் பதினேழு பிள்ளைகள்
ஞானஸ்நானத் தண்ணீர் வாங்கிய உடுப்பு.
பாகம் பிரித்தபோது வீடு எங்களுக்கு,
பீரோவும் அதற்குள் இருந்ததும் அவளுக்கு.

பிறகு என்ன நினைத்தாளோ,
ராத்திரி ஒன்றரைக்கு வாட்ஸ்அப்பில் ஒன்பது படம்.
மணப்பாட்டு வீட்டுத் தரையில் விரித்துப் போட்டு
பள்ளிக்கூட ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து
கழுத்து, கை, சுருக்கு, விளிம்பு.
ஒன்றில் அவள் கால் பெருவிரலும் விழுந்திருந்தது.
ஒரு வார்த்தை எழுதவில்லை.

என் கல்யாணப் புடவையை
ருவியில், பணம் அனுப்பும் கடைக்குப் பின்சந்தில்,
ஷம்சுலின் மேஜைமேல் விரித்தேன்.
பகலெல்லாம் திஷ்தாஷா தைக்கிறவர்.
ஓய்ந்த நேரம் கும்மா தொப்பிக்குக் கண் வைப்பார்,
ஊசியால் துளைத்து, நூலால் கரை கட்டி,
கடுகு கடுகாய்.
கத்தரியை என்னிடமே நீட்டினார்.
"முதல் வெட்டு உங்களுடையது.
அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."
நனைந்த மணலில் நடப்பதுபோல்
பட்டு முனகியது.

போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.
"இடது கை அரை விரல் குட்டை."
"அப்படியே இருக்கட்டும்."
"என் கடைப் பெயர் கெட்டுவிடும்" என்று
இரண்டையும் சமமாகவே தைத்தார்.

லேஸுக்கு மத்ரா சூக்கெல்லாம் அலைந்தேன்.
எல்லாம் நைலான்; பிள்ளையை அறுக்கும்.
வியாழன் இரவு போனால்
விளிம்பு நெடுக கும்மாக் கண்கள்.
நான் கேட்கவில்லை.
நூற்றுப் பன்னிரண்டு என்றார். எண்ணிப் பார்த்தேன், சரி.
கண்ணுக்குத் தனிக் கணக்கு:
இரண்டு ரியால், முந்நூறு பைசா.

வெள்ளிக்கிழமைதான் இங்கே ஞாயிறு.
பதினொரு பிள்ளைகள் வரிசையில்.
முன்னால் நின்ற இரட்டையரில் ஒருவன் முதுகில்
விலைச்சீட்டு தொங்கியது.
எங்கள் ஷெரின் தண்ணீருக்கு அழவில்லை,
ஏசிக் காற்றுக்கு அழுதாள்.
அந்தக் கண்கள் வழியே
அவள் பாதம் இளஞ்சிவப்பாய்ப் புள்ளி புள்ளியாய்த் தெரிந்தது.

பிரகாசிக்குப் படம் அனுப்பினேன்.
இரண்டு குறியும் நீலமாயின. சாயங்காலம்வரை ஒன்றுமில்லை.
பிறகு:
"விளிம்பில் என்ன, ஓட்டை ஓட்டையா?"
அதற்கும் பிறகு:
"ரெக்ஸிக்கு மாசியில் தேதி. அளவு அனுப்பு."

கூடத்து விளக்கைப் போட்டு
தரையில் விரித்தேன்.
ஸ்கேல் இல்லை; ஷம்சுலின் டேப் இரவல்.
ஒன்பது படம் எடுத்தேன்.
ஒன்றில் மட்டும்
என் பெருவிரலும் விழட்டும் என்று
கொஞ்சம் கிட்ட நின்றேன்.