காலி எடை

கொளத்தூர் மீன் கடையில்
தங்கமீன் தொட்டிகளுக்குப் பின்னால்
ஊறுகாய் டப்பாவுக்குள் இருந்தது.
மூடியில் ஊசி குத்திய ஒன்பது ஓட்டை.
'பொண்ணுதாண்ணே, சாது.
இன்னும் இருபது வருஷம் தாங்கும்' என்றான் சஃபியுல்லா.
எனக்கு நாற்பத்தாறு.
கூட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணினேன்.

ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்து வந்தேன்.
பக்கத்து அம்மாள் கேட்டாள்: 'பிரியாணியா?'
ஆமாம் என்றேன்.

எர்ணாவூர், இரண்டாவது மாடி.
ஃபுளோரா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்:
கண்ணாடிப் பெட்டியின் மூடிமேல்
எப்போதும் அம்மிக் குழவி இருக்க வேண்டும்.

முதல் வாரம் முழுக்க
அது செய்ததெல்லாம் செய்யாமல் இருந்ததுதான்.
தேங்காய் நார்த்தூள்மேல்
உடைந்த பூந்தொட்டி ஓட்டுக்கடியில்
உள்ளங்கை அகல இருட்டு.
கரப்பான் ஒன்றை விட்டேன்.
கரப்பான்தான் வீட்டைச் சுற்றிப் பார்த்தது.

அதை வெளியே எடுக்கக் கை நுழைத்த அன்று
திரும்பி முதுகு காட்டி
பின்னங்காலால் வயிற்றைத் தேய்த்தது.
சோம்பல் முறிக்கிறது என்று நினைத்தேன்.
மூன்று நாள் மணிக்கட்டில் தீ.
எடை மேடையில் சீட்டுக் கிழித்தபடி சொறிந்தேன்.
லாரி டிரைவர் எட்டநின்று காசை நீட்டினான்.

இன்னொரு நாள்
முன்னங்கால் இரண்டையும் தூக்கி நின்றது.
கும்பிடுகிறதாக்கும் என்று
நானும் கை கூப்பினேன்.
பிறகுதான் பல் தெரிந்தது.

கண் எட்டு இருந்தும் பார்வை மட்டு.
பாதத்தால் கேட்கிறது.
எண்ணூர் நெடுஞ்சாலையில்
கண்டெய்னர் வண்டி திரும்பும் முன்பே
ஒரு கால் லேசாக ஊன்றும்.
அப்புறம்தான் எங்கள் ஜன்னல் அதிரும்,
அதற்கும் அப்புறம்தான் எனக்கு உறைக்கும்.
பத்தொன்பது வருடமாக வண்டி எடை போடுகிறேன்.
வருகிறது என்று கால் எனக்குச் சொன்னதே இல்லை.

டிரைலர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த இரவு
ரோடு செத்துக் கிடந்தது.
முதல் முறையாகக் கடல் கேட்டது.
ஓட்டைவிட்டு வெளியே வந்து
நான்கு சுவரையும் தடவித் தடவி நடந்தது,
வாடகை வீடு பார்க்க வந்தவள் மாதிரி.
விடியும்வரை நானும் தூங்கவில்லை.

பிறகு சாப்பாட்டை நிறுத்தியது.
பத்து நாள். இருபது.
நாற்பத்தொன்று.
வயிற்றின் வழுக்கை கருத்துக்கொண்டே வந்தது.
கேலண்டரில் கோடு போட்டேன்;
ஃபுளோரா பார்க்காத மாதிரி அரிசி களைந்தாள்.

நாற்பத்திரண்டாம் நாள்
மெத்தை மாதிரி நெய்த வெள்ளை நூலின்மேல்
மல்லாந்து கிடந்தது, எட்டுக் காலும் வானம் பார்த்து.
குழவியை இறக்கினேன்.
புதைக்க எடுத்த கரண்டி கையில் இருந்தது.

'தொடாத!'
வாசலிலிருந்து ஃபுளோரா.
'செத்தா காலை அடியில மடக்கிக் குப்புறக் கிடக்குமாம்.
மல்லாந்தா சட்டை உரிக்குதுன்னு அர்த்தம்.
தண்ணி மட்டும் வத்தாம பாத்துக்கச் சொன்னான்.'

யார் சொன்னது?
கடைக்காரன்.
எப்போது?
பதில் இல்லை.
தண்ணீர் மூடி ததும்ப நிறைந்திருந்தது.
நாற்பத்தொரு நாளில் ஒருநாளும்
நான் அதை நிரப்பியதில்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.

மின்சாரம் போயிருந்தது.
செல்போன் வெளிச்சத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி
இருவரும் தரையில் உட்கார்ந்தோம்.
மணலியின் அமோனியா காற்றில் லேசாக வந்தது.
அது ஒவ்வொரு காலாக உருவியது,
ஈரக் கையுறையைக் கழற்றுவதுபோல.
இழுக்கும், நிறுத்தும்.
அந்த நிறுத்தத்தில் நாங்களும் மூச்சு விடவில்லை.
வெளியே வந்ததன் பல் வெள்ளையாக இருந்தது,
பால் பல்.

பக்கத்தில் இன்னொன்று:
கண்மூடி எட்டும் முடியும் நகமும் உட்பட
எல்லாம் இருந்து ஆள் இல்லாதது.

அல்வா டப்பாவில் வைத்து வேலைக்குக் கொண்டுபோனேன்.
வண்டி வராத மதியம்
அறுபது டன் மேடையின் நடுவில் வைத்துவிட்டு
அறைக்கு வந்து திரையைப் பார்த்தேன்.
பூஜ்யம்.
சீட்டு எடுத்தேன். வண்டி எண்ணுக்கு இடம் விட்டேன்.
காலி எடை: பூஜ்யம்.

துறைமுகக் காற்று அதைக் கிளப்பிவிடும் முன்
ஓடிப்போய்க் குனிந்தேன்.
சரிவில் வந்து நின்ற டிரைலர்
ஹாரன் அடித்தது:
'மேடைய விட்டு எறங்குண்ணே,
உன் வெயிட்டும் சேந்துக்கும்!'