முப்பத்தோராவது நகர்வு

திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபம்.
நேற்றைய மாப்பிள்ளையின் பெயர் பாதி உரிந்து
மேடைச் சுவரில் தெர்மாகோலாய்த் தொங்குகிறது.
கீழே நாற்பது மேஜை.
பதின்மூன்று வயதுக்குட்பட்டோர், ஆறாவது சுற்று.

எனக்கு எதிரே யாழ்மொழி, வியாசர்பாடி.
என்னைவிட ரெண்டு வயசு சின்னவள்.
கால் தரைக்கு எட்டாமல் ஆடுகிறது,
பேனா மூடியைக் கடித்துக் கடித்து
அது மூடியாகவே இல்லை இப்போது.

வெளியே கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம்
மேஜை அதிரும்.
காய்கள் கட்டத்தைவிட்டு ஒரு நூல் நகரும்.
"சரிபண்றேன்" என்று சொல்லிவிட்டுத் தொடலாம்.
சொல்லாமல் தொட்டால்
தொட்ட காயைத்தான் ஆட வேண்டும்.

அப்பா சன்னலுக்கு வெளியே, ஸ்கூட்டி மேல்.
பலகையைப் பார்த்தால் அவருக்குப் புரியாது,
என் காதைப் பார்ப்பார்.
ஜெயிக்கப்போகிறபோது அது சிவக்குமாம்.

முப்பத்தோராவது நகர்வு.
எனக்கு நாலு நிமிஷம், அவளுக்கு ஒன்றரை.
குதிரையைத் தூக்கக் கை போனது.
ஒரு லாரி.
குதிரை லேசாக முகம் திருப்பிக்கொண்டது
வேணாம் என்பதுபோல.
யானையை நகர்த்தினேன்.

பிறகு சொல்ல ஒன்றுமில்லை.
அவளுடைய சிப்பாய் ஒன்று நடந்தது,
கொருக்குப்பேட்டை கேட் போட்டிருக்கையில்
குனிந்து தண்டவாளம் தாண்டுகிறவர்கள்போல
யாரையும் கேட்காமல் நடந்தது.
அந்தப் பக்கம் போய் ராணியானது.
கை கொடுத்தேன். ஈரமான சின்னக் கை.

தண்ணீர்க் கேனிடம் வந்து நிறுத்தினாள்.
"அண்ணா, முப்பத்தொண்ணுல
குதிரைய இங்க வெச்சிருந்தா நான் காலி.
ரெண்டே மூவ்ல மேட்டு.
பயத்துல எனக்கு ஒண்ணுக்கே வந்துட்ச்சி."
உள்ளங்கையில் பேனாவால் கட்டம் போட்டுக் காட்டினாள்,
அவ்வளவு சந்தோஷமாக,
என்னுடையதை எடுத்து வைத்திருந்து
திருப்பித் தருகிறவள்போல.

தோற்றபோது வராதது
அப்போது தொண்டைக்கு வந்தது.
"இன்னொரு வாட்டி காட்டு" என்றேன்.
காட்டினாள்.

எண்ணூர் ரோட்டில் லாரிகள் நகரவில்லை.
ரெண்டு லாரி நேராக, ஒரு லாரி பக்கவாட்டில்,
மறுபடி ரெண்டு நேராக என்று
ஒடித்து ஒடித்துப் போனார் அப்பா.
டோல்கேட் சிக்னலில்
கண்ணாடியைத் திருப்பி என்னைப் பார்த்தார்.
"காது செவந்திருக்கேடா,
ஜெயிச்சிட்டியா?"