ஏழாம் வகுப்பு, ஒரு நாள்

காலை ஐந்து நாற்பதுக்குத் தொலைபேசி.
மனிதக் குரல் இல்லை, இயந்திரம்.
ஏஜாக்ஸ். ஏழாம் வகுப்பு. ஒரு நாள்.
ஏற்பதென்றால் ஒன்றை அழுத்தவும்.
அழுத்தினேன்.
ஒன்றை அழுத்தித்தான் மூன்று வருடமாக
வாடகை கட்டுகிறேன்.

மேசையில் ஹலோரன் விட்டுப்போன தாள்:
கணக்கு, பக்கம் தொண்ணூற்றாறு.
மிகேலுக்கு மூக்கில் இரத்தம் வரும், பதறவேண்டாம்.
யார் எங்கே என்ற வரைபடம் இழுப்பறையில்.
டேவோன் பெர்சாட்மேல் ஒரு கண் வையுங்கள்.
யாழவனால் பிரச்சினை இல்லை, பேசமாட்டான்.

இழுப்பறை பூட்டியிருந்தது.

வெளியே காற்றோடு சேர்த்து மைனஸ் இருபத்தாறு.
இடைவேளைக்கும் உள்ளேதான் என்று
ஒலிபெருக்கி சொன்னதும்
இருபத்தெட்டுப் பேரின் கால்களும்
மேசைக்கடியில் ஆடத் தொடங்கின.

பலகையில் என் பெயரை எழுதினேன்.
கோகிலவதனி. முழுதாக.
"மிஸ் கொக்கா கோலா" என்றது பின்வரிசை.
இதைவிடத் திறமான பகிடி
போன கிழமை விட்பியில் கேட்டேன், என்றேன்.
சிரித்தார்கள்.
எனக்காகவா என்னைப் பார்த்தா என்று தெரியாத சிரிப்பு.
சப்ளை ரீச்சருக்கு அவ்வளவுதான் கிடைக்கும்,
அது அடங்குமுன் இடாப்பைத் திறந்துவிட வேண்டும்.

"யாழவன்."
"பிரெசன்ட், மிஸ்."
கதவோரம் ஒரு பெடியன்.
கன்னக்குழி. அளவுக்கு மீறிய மரியாதை.
"சரியாய்ச் சொன்னேனா?"
"இல்லை மிஸ். யா-ல-வேன்."
நிறம் பொருந்தியது, முகமும் பொருந்தியது.
ழகரத்தை வைத்து யாரையும் பிடிக்கமுடியாது,
எங்கள் வீட்டிலேயே வாளைப்பளம்தான்.
ஆனால் அவன் அதைச் சொன்னபோது
யன்னலோரம் இன்னொருவன்
காலை யாரோ மிதித்ததுபோல் முகம் சுளித்தான்.

"டேவோன் பெர்சாட்."
முகம் சுளித்தவன் கை தூக்கினான்.

வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.
அலுவலகத்தை அழைக்கும் பொத்தான்
கைக்கெட்டும் தூரத்தில்.
அழுத்தினால் பத்து நிமிட வெற்றி,
பிறகு மூன்றரை வரை சண்டை.
இரண்டு பெயருக்கும் சரி போட்டேன்.

"யாழவன், தொண்ணூற்றாறு, முதல் கணக்கு.
பலகைக்கு வா."
கன்னக்குழி காணாமல் போயிற்று.
பேசாதவன் பெயரை எடுத்துக்கொண்டவன்
பேசாமல் நிற்கவேண்டியதாயிற்று,
ஏழின் கீழ் மூன்றோடு,
சோக்கட்டியை உருட்டிக்கொண்டு.

யன்னலோரத்தானோ
மதியத்துக்குள் ஐந்து முறை கை தூக்கினான்.
ஆறாம் முறை தூக்காமலே பேசினான்.
ரவீனாவோடு வாதாடினான், வென்றான்,
கதிரையைப் பின்னால் சாய்த்தான்,
கடைசியில், ஹலோரன் நம்பப்போவதில்லை,
கடதாசி விமானம் ஒன்றை
என் தலைக்கு மேலால் விட்டான்.

"டேவோன்!"
உண்மையாகவே அதட்டினேன்.
ஏச்சு வாங்கிய முகத்தில்
அப்படியொரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை.
கதவோரம் நிஜ டேவோன்
அது நான் இல்லை என்று வாயெடுத்து
மூடிக்கொண்டான்.

மூன்றரை. பனிக் காற்சட்டைகளின் சரசரப்பு,
ஒற்றைக் கையுறைகளுக்கான தேடல்.
எல்லாரும் போனபின் அவன் வாசலில் நின்றான்.
தமிழில், மெதுவாக:
"ரீச்சர், உங்களுக்குத் தெரியுமா?"
"என்ன தெரியுமா?"
யோசித்தான். "ஒண்டுமில்லை."
தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடினான்.

ஹலோரனுக்கு நான் எழுதவேண்டிய குறிப்பு,
ஐந்து வரி இடம்.
டேவோன் நன்றாகப் பேசினான் என்றால் பொய்.
யாழவன் விமானம் விட்டான் என்றால்
நாளைமுதல் இன்னொரு பிள்ளைமேலும்
ஒரு கண் விழும்.
யாழவன் பேசினான் என்று மட்டும் எழுதினால்
எப்படி என்று கேட்பார்.
எழுதினேன்:
கணக்கு முடிந்தது.
மிகேலுக்கு இரத்தம் வரவில்லை.
இழுப்பறைச் சாவியை
அடுத்தமுறையும் விட்டுப்போகவேண்டாம்.