முப்பத்தேழரை

இரண்டு வெப்பமானிகள் வாங்கினேன்,
அதுதான் முதல் தவறு.
ஒன்று முப்பத்தேழரை என்றது,
மற்றது முப்பத்தெட்டே கால்.
பெட்டி ஒன்று, பல்பு ஒன்று, காற்றும் ஒன்று,
சாட்சிகள் மட்டும் இரண்டு.

ஐஸை நொறுக்கி டம்ளரில் போட்டு நீர் ஊற்றி
இரண்டையும் முக்கினேன்.
ஒன்று பூஜ்யத்தில் நின்றது.
மற்றது முக்காலுக்குக் கீழே இறங்க மறுத்தது.
தூக்கி எறியவில்லை.
நெற்றியில் டேப் ஒட்டி
'முக்கால் கழி' என்று எழுதினேன்.
எவ்வளவு பொய் சொல்வான் என்று தெரிந்துவிட்டால்
அவனோடும் குடித்தனம் நடத்தலாம்.

சிப்பி ஆலையில் எனக்குக் குளிர் அறை.
இரவு முழுக்க மைனஸ் பதினெட்டைக் காப்பவள்,
விடிந்ததும் கெம்ச்சியின் மழையில் மேடேறி வந்து
முப்பத்தேழரையைக் காக்கிறேன்.
முட்டைகள் நோல்பெர்த்தோ தந்தவை.
பதினான்கு, எல்லாம் நீலம்,
கம்பளித் தொப்பியில் சுற்றிக் கொடுத்தான்.
விலை: அவனுடைய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை
நான் வேலை செய்து தீர்க்க வேண்டும்.

முதல் இரவே முப்பத்தொன்பது தொட்டது.
திருகைக் குறைத்தேன். அசையவில்லை.
இன்னும் குறைத்தேன்.
அரை மணி கழித்து முப்பத்தைந்து.
வெப்பம் அப்போதைக்குப் பேசாது.
போய்ப் படுத்த பிறகுதான்
பாத்திரத்தைப் போட்டு உடைக்கும்.
மூன்றாம் நாள் கற்றுக்கொண்டேன்:
கையைத் தொடைக்கு அடியில் வைத்து
அதன்மேல் உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலைதான்.

ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
வெள்ளை ஓட்டில் நரம்பு தெரியுமாம்.
நீல ஓட்டில் தெரிந்தது
கலங்கிய கடல் மட்டும்.
அதில் ஏதோ அசைந்தது,
அல்லது என் கை நடுங்கியது.

ஒன்பதாம் நாள் வடக்குக் காற்று
மரத்தைக் கம்பிமேல் சாய்த்துவிட்டது.
தெருவே இருட்டு.
விறகடுப்பில் வெந்நீர் வைத்து
பாட்டில்களில் அடைத்துப் பெட்டிக்குள் செருகினேன்.
வீட்டில் இருந்த கம்பளிகள் எல்லாம் பெட்டிக்குப் போயின.
எனக்கு மழைக்கோட்டு.
மூன்று முட்டைகளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு
நாக்கடியில் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன்,
முக்கால் கழித்தேன்:
முப்பத்தாறே முக்கால்.
அடை காக்க முக்கால் டிகிரி போதாது எனக்கு.
திரும்பப் பெட்டியில் வைத்தேன்.

மீன்தீவன மிதவையிலிருந்து ரோசமெல் கூப்பிட்டான்.
"எத்தனை இருக்கு?"
"முப்பத்தைந்தரை."
"நீ?"
அதைக் கேட்கவும் அவனுக்குத் தோன்றியதே.

கரண்ட் ஐந்து மணி நேரத்தில் வந்தது.
பிறகு சில நாள் எழுத எதுவும் இல்லை,
புரட்டியதைத் தவிர.
காலை, மதியம், ஆலைக்குக் கிளம்புமுன்.
நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் பென்சில் சிலுவை,
மறு பக்கம் வட்டம்.

பதினேழாம் நாள்
திருகைத் தொடவே இல்லை, சத்தியமாக.
முப்பத்தெட்டு.
முப்பத்தெட்டே கால்.
தெர்மோஸ்டாட்டைத் திட்டினேன், விற்றவனைத் திட்டினேன்,
மறுபடியும் ஐஸ் நொறுக்கினேன்.
சாட்சிகள் இரண்டும் ஒரே பேச்சு,
முக்காலைக் கழித்த பிறகு.
மூடியின் துவாரத்தில் கண்ணை வைத்தபோதுதான் பார்த்தேன்:
பல்பு எரியவில்லை.
எப்போதோ அணைந்து
தன் முறைக்குக் காத்திருந்தது.

பல்பு இல்லாமல் ஏறுகிற சூடு
வேறு யாருடையது?
அங்கே நீலச் சுவருக்குள்
என் கணக்கில் சேராத அடுப்புகள்
ஒவ்வொன்றாய்ப் பற்றியிருந்தன.
திருகைக் குறைத்தேன்.
இதுவரை அவர்களுக்குக் கொடுத்துவந்தேன்.
இனி அவர்கள் தருவதில் மிஞ்சியதை
வெளியே விட வேண்டும்.

இருபத்தோராம் நாள் மாலை ஒன்பது வந்துவிட்டன,
ஈரமாய், கோபமாய், ஒன்றின் தலையில் ஒன்று கால் வைத்து.
நான்கு அசையவே இல்லை.
பத்தாவது மூக்கால் ஒரு துளை போட்டுவிட்டு
உள்ளேயே யோசித்துக்கொண்டிருந்தது.
மூடியைத் திறந்தால் ஈரம் போய்விடும்.
திறக்காமல் நின்றேன்.
ஆலைச் சங்கு ஊதியது. நின்றேன்.

பன்னிரண்டு நிமிடத் தாமதம்.
பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில்
'வெப்பநிலை' என்று எழுதினேன்.
மேற்பார்வையாளர் குளிர் அறையின் கதவைப் பார்த்தார்,
தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.