ஐந்தரை முதல் ஏழு வரை

மால் திறப்பதற்கு முன்னால்
ஒன்றரை மணி நேரம் பனித்தளம் எங்களுடையது.
வெளியே வேளச்சேரியில் விடியும்போதே புழுக்கம்.
உள்ளே ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்ட
பதினோரு பிள்ளைகள்
குனிந்து ஷூ நாடா இழுக்கிறார்கள்.
விரல் மரத்துப்போனால்
அக்குளில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

எங்கள் தளத்தின் அளவை
வெளியூர்க்காரர்களிடம் சொல்வதில்லை.
நான்கு தள்ளு தள்ளினால் சுவர் வந்துவிடும்.
அதனால் திரும்பத் தெரியும்,
இண்டு இடுக்கில் நுழையத் தெரியும்,
விஜயநகர் சிக்னலில் வளர்ந்த பிள்ளைகள்.
நீளமாக ஓடத்தான் தெரியாது.

எனக்கும்தான்.
முப்பத்தொரு வயதில் முதல்முறை ஐஸில் விழுந்தவள் நான்.
பத்து மணிக்கு வங்கியில் இருக்க வேண்டும்,
கடன் பிரிவில், ஈரத் தலையோடு.

ஹர்ஷவர்தன்போல் ஆட இன்னொருவன் இல்லை.
அவன்தான் முபீனாவின் மணிக்கட்டில்
மட்டையால் அடித்தான். வேண்டுமென்றே.
நான் பார்த்தேன்.
அவள் அழவில்லை.
கையுறையைக் கழற்றிப் பார்த்துவிட்டு
மறுபடி மாட்டிக்கொண்டாள்.
அந்த மாட்டிக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.
"ரெண்டு வாரம் வெளிய உட்காரு" என்றேன்.

தளத்து வாடகையில் பாதி
அவன் அப்பா கொடுப்பது.

இரவு பத்தரைக்குப் போன் வந்தது.
மரியாதையாகத்தான் பேசினார்.
"சின்னப் பசங்க விஷயம் மேடம்."
சரி சார், சரி சார் என்றேன்
தவணை தப்பியவர்கள் என்னிடம் சொல்வதுபோல.
இரண்டு வாரத்தை மட்டும் குறைக்கவில்லை.
மறுமாதம் பணம் வரவில்லை.

பிறகு அதே ஐந்தரை,
அதே மாலின் கீழ்த்தளம் இரண்டு.
சக்கர ஷூ, டென்னிஸ் பந்து,
சி-14 தூணுக்கும் சி-15 தூணுக்கும் நடுவே கோல்.
காவலாளி ஏழுமலை "வண்டி!" என்று கத்துவார்.
ஓரம் ஒதுங்குவோம்.
காய்கறி வேன் போனபின்
விட்ட இடத்திலிருந்து.
எண்ணெய்க் கறையில் சறுக்கி
எப்சிபாவின் தாடையில் மூன்று தையல்.
அவள் அம்மா திட்டவில்லை.
"பரீட்சை எழுதுற கை நல்லாத்தானே இருக்கு?"
அவ்வளவுதான் கேட்டாள்.
திட்டியிருக்கலாம்.

ஜனவரியில் லே.
உறைந்த குளம், கூரையே இல்லாத ஐஸ்.
மூச்சு பாதி வழியில் நின்றது.
அந்த ஊர்ப் பிள்ளைகள்
கடைக்குப் போய்வருவதுபோல
அவசரமில்லாமல் வந்து வந்து
கோல் போட்டுவிட்டுப் போனார்கள்.
இடைவேளையில் ஒன்பது.

சொல்வதற்கு ஒரு பேச்சு வைத்திருந்தேன்.
பல் கிடுகிடுத்ததில் முதல் வரியே வரவில்லை.
பெஞ்சின் கடைசியில் ஹர்ஷவர்தன்.
அவன் டிக்கெட்டை அவன் அம்மா எடுத்திருந்தாள்;
அதைப்பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.
அவன் தண்ணீர் பாட்டிலை
மூடி திறந்து முபீனாவிடம் நீட்டினான்.
அவள் வாங்கவில்லை. கீழே வைத்தான்.

எங்கள் கோலி தேசப்பன்
முகமூடியைத் தூக்கிவிட்டுக்
குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.
காசிமேட்டில் அவன் அப்பா
விசைப்படகுக்கு ஐஸ் பார் ஏற்றுகிறவர்.
ஒரு பார் என்ன விலை,
உடைக்க என்ன கூலி,
எத்தனை பாரில் வஞ்சிரம் எத்தனை நாள் தாங்கும்,
எல்லாம் அவனுக்கு மனப்பாடம்.
"மேடம்," என்றான்,
"இவ்ளோ ஐஸும் சும்மாவா?"

முபீனாதான் முதலில் சிரித்தாள்.
பிறகு மூச்சு இருந்தவர்கள் எல்லோரும்.

சிரித்தால் ஜெயித்துவிடுவோமா,
அடுத்த பாதியில் இன்னும் ஏழு.
ஆனால் ஒன்றைத் தேசப்பன் பிடித்தான்.
கையுறைக்குள் கறுப்பு ரப்பர் வில்லை.
நடுவர் கை நீட்டி நிற்க,
ஏலத்தில் எடை பார்ப்பதுபோல
ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தான்.

திரும்பி வந்த திங்கட்கிழமை
ஏழுமலை கேட்டார்: "எத்தனை?"
"பதினாறு."
"நாமளா?"
நான் வாயைத் திறப்பதற்குள்
காய்கறி வேன் வந்துவிட்டது.