பதினோராம் பாத்தி

பனியா உப்பா என்று
சிம்பாய் வட்டாரத்தில் கண்ணுக்குத் தெரியாது,
நாக்குக்குத் தெரியும்.
செப்டம்பர் கடைசியில் பனி ஏது.

இந்த மண்ணுக்கு உப்பிட்டவர்கள்
வெகுதூரத்து மேசைகளில் இருந்தார்கள்.
பருத்தி வேண்டும் என்றார்கள், ஆற்றைத் திருப்பினார்கள்.
மண் அவர்களை இன்னும்
உள்ளளவும் நினைத்துக்கொண்டிருக்கிறது.

நான் மிராப். வாய்க்காலுக்குக் காவல்.
யார் மடை எந்த இரவில் திறக்கும் என்பது
என் சட்டைப்பை நோட்டில் இருக்கிறது.
கடைமடைக்கு எப்போதும் வடிகால் நீர்தான்.
எழுதியவன் நானே.

நூகுஸிலிருந்து ஒரு மூட்டை வந்தது.
சர்க்கரைபோல் வெள்ளைப் பரல்.
கூட வந்த ஸார்ஸென்பாய்
கண்ணாடிக் குவளையில் அரைக் கரண்டி போட்டு
புட்டித் தண்ணீர் ஊற்றினான்.
பேசி முடிப்பதற்குள் குவளை இறுகிவிட்டது.
கவிழ்த்தான்.
ஒரு சொட்டு விழவில்லை.
"கோதுமை விதையோடு சாலில் போடுங்கள்,
வேர் கேட்கும்போது கொடுக்கும்."

கடைமடைத் தாஸாகுல் சிரித்தாள், இடுப்பில் கைக்குழந்தை.
"இதை எனக்குத் தெரியும்.
இரவெல்லாம் இவன் பெய்ததை
காலையில் கனமாக என் கையில் கொடுப்பது இதுதான்."
ஆண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

அவள் குவளையைக் கழுவி
தன் வடிகால் நீரை மொண்டுவந்தாள்.
அதே அரைக் கரண்டி.
தேநீர் ஒரு சுற்று.
இரண்டாம் சுற்று.
அடியில் மீன்முட்டை அளவுக்கு
பரல் தயங்கி நின்றது.
கவிழ்த்தாள். அவன் சப்பாத்து நனைந்தது.

"உப்பு நீரில் குறையும்" என்றான், காது சிவக்க.
"எவ்வளவு?"
"குறையும்."

பன்னிரண்டு பாத்தி பிரித்தார்கள், குச்சி நட்டார்கள், எண் எழுதினார்கள்.
பதினொன்று தாஸாகுலுடையது.
அன்று மாலை என் வாசலில் வந்து நின்றாள்.
"மண்ணை ஒருமுறை நல்ல நீரால் அலசிவிடு.
பிறகு போடுகிறேன்.
அதன் முதல் மிடறாவது
ஆற்று நீராக இருக்கட்டும்."
முறை இல்லை என்றேன்.
நோட்டைக் காட்டினேன்.
அவள் நோட்டைப் பார்க்கவில்லை.

என் மைத்துனன் நியெத்பாயின் முலாம்பழத் தோட்டத்துக்கு
அன்றிரவு தண்ணீர் போகவில்லை.
ஏன் என்று அவன் இன்னும் கேட்கிறான்.
எலி வளை, கரை உடைப்பு என்று
நானும் இன்னும் சொல்கிறேன்.

ஜூனில் அளவுகோலோடு வந்தான் ஸார்ஸென்பாய்.
பரல் போடாத பாத்திகளில் கோதுமை
கணுக்கால் தாண்டவில்லை, நுனி கருகியிருந்தது.
போட்டவற்றில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே.
பதினொன்றில்
குழந்தையை இறக்கிவிட்டால்
தேட வேண்டியிருக்கும்.

மூன்று முறை அளந்தான்.
"இதற்கு யாராவது கூடுதலாக..."
என் நோட்டைக் கேட்டான். கொடுத்தேன்.
அந்த இரவின் கட்டம் காலியாக இருந்தது.
நான் எதையும் காலியாக விடுகிறவன் அல்ல.
அதையே கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு
தன் தாளில் பதினொன்றின் மேல்
ஒரு கோடு கிழித்தான்.
சராசரியில் சேராதாம்.

தாஸாகுல் ஒரு செடியைப் பிடுங்கினாள்.
வேரெல்லாம் தவளைமுட்டைபோல் பரல்,
ஒவ்வொன்றையும் துளைத்துப் போன நூல்வேர்.
ஒன்றைப் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்தாள்.
வெயில் நாற்பதைத் தாண்டியிருந்தது.
அது குளிர்ந்திருந்தது.
நக்கிப் பார்த்தேன்.

"கரிக்கிறது."
"கரிக்கத்தான் செய்யும்" என்றாள்.
"அடுத்த முறை எப்போது?"

நோட்டைத் திறந்தேன்.
பென்சில் ஸார்ஸென்பாயிடம் இருந்தது.