கசிவு

மூன்றாவது சாட்சி நான்.
பாலக்காட்டுக் கோர்ட்டில் கூண்டேறிச்
சொன்னது மொத்தம் நாலு வரி:
விடிகாலை ஐந்தரை,
ஷட்டர் கம்பியில் சேலை,
சேலைக்குள் தெய்வானை,
போலீசுக்குச் சொன்னது நான்தான்.

அன்றைக்குக் கால்வாயில் எத்தனை அடி ஓடியது என்று
யாரும் கேட்கவில்லை.
இருபத்தாறு வருஷம் தண்ணீர் அளந்தவனிடம்
வேறென்ன இருக்கிறது கேட்க?

பதினோராம் சாட்சி
திருச்சூர் லேபிலிருந்து வந்த டாக்டரம்மா.
கஞ்சி போட்ட சேலை, தணிந்த குரல்,
பொய் சொல்லத் தெரியாத முகம்.
பொய் சொல்லவும் இல்லை.

தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பாசி உண்டாம்,
ஒவ்வொன்றும் கண்ணாடி ஓட்டுக்குள் குடியிருக்குமாம்.
மூழ்குகிறவர் கடைசியாக இழுக்கும் மூச்சில்
நுரையீரல் தாண்டி, ரத்தத்தில் ஏறி,
எலும்பின் மஜ்ஜை வரை போய்ப் படியுமாம்.
தெய்வானையின் தொடையெலும்பில் இருந்த ஓடுகள்
வீட்டுக் கிணற்றில் உண்டு.
கால்வாயில் இல்லை.
அதுகொண்டு, என்றார் மலையாளத்தில்.
தமிழில் ஆகவே.
அந்த ஒரு சொல்லின் மேல் நடந்துதான்
நட்ராயன் விய்யூர் ஜெயிலுக்குப் போனான்.

குறுக்கு விசாரணை உண்டா என்றார் நீதிபதி.
நட்ராயனின் வக்கீல் பாதி எழுந்தார்.
மைக்ராஸ்கோப் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
உட்கார்ந்துவிட்டார்.

ஒரு கேள்வி போதும்:
அம்மா, தண்ணீரை மொண்டது என்றைக்கு?

பத்தொன்பதாம் நாள்.
அதற்குள் ஆளியாற்றில் அடைத்தாகிவிட்டது.
அந்த முறைக்கு எங்களுக்கு வந்தது ஐந்து நாள் தண்ணீர்.
மிச்சம், எருமை புரண்ட குட்டை.
அதைப் பாட்டிலில் பிடித்துக்
கால்வாய் என்று சீட்டு ஒட்டினார்கள்.
தெய்வானை குடித்த தண்ணீர்
சித்தூர் தாண்டிப் பாரதப்புழையில் இறங்கிப்
பொன்னானியில் உப்பாகிப்போயிருந்தது.

எங்காவது அது மீந்திருந்தால்
நட்ராயன் கிணற்றில்தான்.

எனக்குத் தெரியும்.
அன்று ராத்திரி பத்து மணிக்கு
கரையைக் குடைந்து போட்ட பைப்பின் வாயில்
டார்ச் அடித்தவன் நான்.
அணைத்தவனும் நான்.
இருநூறு ரூபாய்.
"தென்னை காயுதுங்ண்ணா" என்றான், அவ்வளவுதான்.
விடியவிடியக் கிணறு குடித்தது
கால்வாயை.

கொலைக் கேசில் நிற்கிறவன்
தண்ணீர்த் திருட்டை மறைத்தான் என்றால்
சிரிப்பீர்கள்.
ஒரு பைப்பைச் சொன்னால் பதினேழு பைப் வெளியே வரும்.
அதில் மூன்று அவன் மாமனாருடையவை.
சாட்சிக்கு வந்த மாமனார்.

அவன் தள்ளவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.
அடிப்பான். ஊருக்கே கேட்கும்.
அந்த நேரத்தில் கால்வாய்க்கரைக்கு அவள் எதற்கு வந்தாள்,
பைப்பைப் பார்க்கவா, அவனைத் தேடியா,
எதுவும் வேண்டாமென்றா,
எந்தப் பாசிக்கும் தெரியாது.
தண்ணீர் சொல்லாததைத்
தண்ணீர் சொன்னதாக எழுதி வைத்திருக்கிறார்கள்.
பக்கத்திலேயே என் கையெழுத்தும் இருக்கிறது,
வேறொரு ரெஜிஸ்டரில்,
அதே தேதிக்கு நேராக:
அளவு குறைவு. காரணம், கசிவு.

போன வாரம் கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டுக்கு
இலவச சட்ட உதவியிலிருந்து ஒரு பெண் வந்தாள்.
பெயர் ஜிஸ்மி. ஸ்கூட்டரில், மழைக்கோட்டோடு.
அந்தப் பக்கத்தின் நகலை மேசையில் விரித்தாள்.
மறுநாளும் அதற்கடுத்த நாளும் கசிவே இல்லையே,
அன்றைக்கு மட்டும் எப்படி, சேட்டா?

பென்ஷன் போகுமா என்றுதான் முதலில் கேட்டேன்.
போகலாம், என்றாள்.
நல்லவேளை, இல்லை என்று சொல்லவில்லை.
உள்ளே குக்கர் இரண்டு தரம் கத்தியது.
அவள் பேனா மூடியைக் கழற்றிக்
காத்திருந்தாள். எதுவும் எடுத்துக்கொடுக்கவில்லை.

நாலு இஞ்சு பைப், என்றேன்.
ராத்திரி பத்திலிருந்து
நாலரை வரை.